பழைய ஸ்போர்ட்ஸ் காரின் அதிர்வுதாங்கிகள்



திருகோணமலைத் துறைமுகம் என்றதும் கப்பல்களையே எவரும் நினைப்பர். ஆனால் 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்ட அந்தக் காலப்பகுதியை நினைவூட்டும் பொருள்களுள் பழைய பிரித்தானியக் கார்களும் சேரும். அவற்றை ஆசையோடு பேணுவோர் நம் நாட்டில் பலர் உளர். அத்தகையோர் அடிக்கடி எழுப்பும் ஒரு வினாவையே இன்று எடுத்துக்கொள்கிறேன்: அதிர்வுதாங்கி பழுதானால் எதனை வாங்கிப் பூட்டுவது?

முதலில் ஒரு திருத்தம். 'சொக் அப்சோபர்' என்று நாம் அழைக்கும் இக்கருவி, பெயர் சொல்வதுபோல் அதிர்ச்சியைத் தாங்குவதில்லை. பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்வது வில். அடிபட்ட வில் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டேயிருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதே இதன் தொழில். உள்ளேயிருக்கும் எண்ணெய் சிறு துளைகளின் ஊடாக நெருக்கப்பட்டு, ஆட்டத்தின் சக்தி வெப்பமாகக் கழிகிறது. இது தளர்ந்தால் சில்லு வீதியை விட்டுத் துள்ளும். துள்ளும் சில்லுக்குப் பிரேக் பிடித்து என்ன பயன்? கந்தளாய்க்கு அப்பால் ஹபரணை நோக்கி இரவில் ஓட்டுபவர்கள், முன்னால் யானை குறுக்கிடும் கணத்தை எண்ணிப் பார்த்தால் போதும்.

1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட எம்.ஜி.பி. காரை உதாரணமாகக் கொள்வோம். அதிலுள்ளவை இக்காலத்துக் குழாய் வடிவ அதிர்வுதாங்கிகள் அல்ல. ஆம்ஸ்ட்ரோங் நிறுவனத்தின் நெம்புகோல் வகை. எண்ணெய்ப் பெட்டியொன்றிலிருந்து ஒரு கை நீண்டிருக்கும். முன்புறத்தில் அந்தக் கையே சில்லைப் பிடித்திருக்கும் மேற்கையாகவும் அமைந்துள்ளது. இதனை மறந்து ஆணியைக் கழற்றுவோர் பெரும் ஆபத்தை விலைக்கு வாங்குகின்றனர். அழுத்தத்திலிருக்கும் சுருள்வில் திடீரென விரிந்து ஆளையே அடிக்கக்கூடும். கீழ்க்கையின் வில் தட்டுக்கு அடியில் ஜாக்கியை உறுதியாக நிறுத்தாமல் அதில் கைவைக்கலாகாது.

பழுதை அறிவது எளிது. கை பெட்டிக்குள் நுழையும் இடத்தில் எண்ணெய்க் கசிவு உண்டா என்று பாருங்கள். பின்புறமாயின் இணைப்பைக் கழற்றி, கையை மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். இரு திசையிலும் ஒரே சீரான எதிர்ப்பு இருக்கவேண்டும். திசை மாறும்போது வெறுமையாக அசைந்தால் எண்ணெய் குறைந்திருக்கலாம். உரிய எண்ணெயை நிரப்பிய பின்னும் அந்த வெறுமை நீங்காவிடில் உள்ளுறுப்புத் தேய்ந்துவிட்டது. பிரேக் எண்ணெயை இதில் ஊற்றுவது கூடவே கூடாது. தடித்த எண்ணெயை ஊற்றி விறைப்பாக்கிக்கொள்வதும் தற்காலிக ஏமாற்றே. விறைத்த சில்லு பள்ளத்தில் உரிய நேரத்தில் இறங்காது.

இனி, தெரிவு. பலர் குழாய் வகைக்கு மாறிவிடத் துடிக்கின்றனர். அதில் எண்ணெய் அதிகம் கொள்ளும். சிலவற்றில் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அவை உண்மையான நன்மைகளே. ஆயினும் முன்புறத்தில் மேற்கைக்கு மாற்று அமைப்பு வேண்டும். புதிய தாங்கிகளைப் பொருத்தும் தகடோ, அதற்கென வடிவமைக்கப்படாத இடத்தில் முழுச் சுமையையும் ஏற்கும். கடலோர உப்புக்காற்றில் துருவேறிய பழைய அடிச்சட்டத்தில் இது கவலைக்குரியது.

எனவே, பந்தயத்துக்குப் போகாதவருக்கு நான் பரிந்துரைப்பது நன்கு புதுப்பிக்கப்பட்ட நெம்புகோல் வகையையே. ஆனால் வெளியே வர்ணம் பூசியதெல்லாம் புதுப்பித்தது ஆகாது. தண்டு சுழலும் இடம் செப்பனிடப்பட்டதா, கசிவுத்தடுப்பு வளையம் புதிதா என்று கேட்டறியுங்கள். நம் வீதிகளுக்கு நன்கு பழக்கமான மொறிஸ் மைனரிலும் முன்புறம் இதே கொள்கைதான். ஆகவே மைனரைக் கழற்றிப் பழகிய முதிய மெக்கானிக் ஒருவர் கிடைத்தால், அவரது சொல்லுக்கு விலைப்பட்டியலைவிட அதிக மதிப்புக் கொடுக்கலாம்.

ஒன்று பழுதானாலும் இடமும் வலமும் சோடியாகவே மாற்றுங்கள். பூட்டுமுன் பெட்டியை நிமிர்த்திப் பிடித்து எண்ணெய் நிரப்பி, உள்ளிருக்கும் காற்று வெளியேறும்வரை கையைப் பலமுறை முழுத் தூரமும் அசையுங்கள். சில நாள் ஓடிய பின் ஆணிகளை மீண்டும் இறுக்கி, எண்ணெய் மட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.