பாட்டி படித்த பத்திரம்

நடுவர் அவர்களே! குடும்ப வரலாற்றுக்குக் கோர்ட் ரெக்கார்டே போதும் என்றார் எதிரணி நண்பர். சரிங்க, அதைப் படிக்கணுமே! 1800-களின் தொடக்கத்து ஆங்கிலக் கையெழுத்தில் இரண்டு 'எஸ்' சேர்ந்து வந்தால், முதல் 'எஸ்' பல இடங்களில் நீண்டு 'எஃப்' மாதிரி நிற்கும். நில வழக்குக்கு உயிரே 'பொஸஷன்', அதாவது அனுபோகம். அந்த ஒரு சொல்லிலேயே இந்த ஜோடி இரண்டு தடவை! பி.ஏ. படித்த பேரன் முழிக்கிறான்.

எழுத்தைக்கூடப் பழகிக்கலாம். ஊரை? திருவாரூரையே அன்றைய ஆங்கிலத்தில் 'திருவாலூர்' என்றுதான் எழுதினார்கள். பேரன் சென்னைக்குப் பக்கத்துத் திருவள்ளூருக்குப் போய்ப் பங்காளியைத் தேடுகிறான்! திண்ணையிலிருந்து பாட்டி சொல்கிறாள்: "அட போடா, ஓடம்போக்கி ஆத்துல குளிச்ச வம்சம்டா நாம!"

அப்புறம்தான் நடுவரே, அந்தக் கட்டில் வழக்கு எந்த ஊரு வயலுக்கு என்பதே தெரிகிறது.