மலைத்தடத்தில் நின்ற வண்டியை மீட்டல்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். கல்வி, சிக்கனம், விவாகச் செலவு முதலியவற்றைப் பற்றியே பெரிதும் பேசப்பட்டு வந்த இம்மேடையில் ஜீப் வண்டிக்கு என்ன வேலை என்று கேட்பாரும் இருக்கக்கூடும். ஆயினும் நம் குடும்பங்களைச் சேர்ந்த வாலிபர் பலர், நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டிகளை வாங்கி, விடுமுறை நாட்களில் மலைத்தடங்களை நாடிச் செல்வதை நாம் கண்கூடாகக் காண்கிறோம். ஏறிச் செல்லும் வித்தையில் அவர்கள் காட்டும் ஊக்கம், நின்றுபோன வண்டியை மீட்கும் வித்தையில் காணப்படவில்லை. வண்டி ஏறும்போது மட்டுமன்றி, அதை மீட்கும்போதும் உயிர்கள் மாய்ந்திருக்கின்றன. ஆகையாலேயே இதைப் பேசத் துணிந்தோம்.

இவ்வித்தைக்கு ஒரு பாடசாலை போன்று விளங்குவது, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கலிபோர்னியா மாநிலத்துச் சியெரா நெவாடா மலைத்தொடரிலுள்ள ரூபிகான் தடமாகும். ஜீப் வகையொன்றுக்கு அதன் பெயரே சூட்டப்பட்டிருப்பதை நம் வாலிபர் அறிவர். சுமார் 22 மைல், அதாவது 35 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடத்தை 1887-ஆம் ஆண்டிலேயே எல்டொராடோ கவுண்டி நிர்வாகம் பொதுப்பாதையென அறிவித்தது. பிற்காலத்தில் அப்பாதை சிதைந்து, பாறையும் பள்ளமுமாயிற்று. 1953-ஆம் ஆண்டு ஜீப் வண்டிக்காரர்கள் கூட்டமாகத் திரண்டு அதைக் கடந்தனர். அன்று தொடங்கிய அந்த யாத்திரை ஆண்டுதோறும் நிகழும் வழக்கமாயிற்று. அங்கே வண்டிகள் மனிதன் நடக்கும் வேகத்திலேயே ஊர்ந்து செல்லும். சாதாரண இழுவை லாரி அங்கே நுழைய இயலாது. ஆகவே முறிந்ததை அவ்விடத்திலேயே செப்பனிட வேண்டும். இயலாவிடில் உடன் வந்தோர் இழுத்துச் செல்ல வேண்டும். தனியே சென்றவனுக்கு இவ்விரண்டு வழிகளும் அடைபட்டவையே. துணைவண்டியின்றி மலைத்தடம் புகலாகாது என்பது இதனால் பெறப்படும் முதற்பாடம்.

இனி, பாறைத் தடத்தில் முறிபவை யாவை எனில், சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் ஷாஃப்டும், முன்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் டை ராடும், பின்னச்சுக்கு விசை கொண்டுசெல்லும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டுமே பெரும்பாலும் முறிவன. பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் முறிந்தால், பல வண்டிகளில் அதைக் கழற்றி வைத்துவிட்டு முன்சக்கரங்களின் விசையால் மெல்ல வெளியேறலாம். டை ராடு வளைந்தால், வலிய இரும்புத் தண்டொன்றை அதன்மேல் வைத்து, முறிந்த கைக்குச் சிம்பு கட்டுவதுபோல் இறுகக் கட்டி, நடை வேகத்தில் ஓட்டுவர். அனுபவமுள்ளோர் 12 வோல்ட் பாட்டரிகள் இரண்டு மூன்றைத் தொடராக இணைத்து, வெல்டிங் கம்பியைக் கொண்டு முறிவைப் பற்றவைப்பதும் உண்டு. கண்ணுக்குத் தக்க காப்பின்றியும், பெட்ரோல் கசியுமிடத்திலும் இதைச் செய்வது அழிவை வலிந்து அழைப்பதாகும்.

முறிவு ஏதுமின்றிச் சிக்கிக்கொண்ட வண்டிக்குச் செய்யத்தக்கது யாது? நம் முன்னோர் சேற்றில் அமிழ்ந்த மாட்டுவண்டியை மீட்ட முறையை நினைத்துப் பாருங்கள். முதலில் பாரத்தை இறக்கினர். பின்னர்ச் சக்கரத்தின் முன்னுள்ள மண்ணை வெட்டினர். அதன் பின்னரே மாட்டை அதட்டினர். மோட்டார் வண்டிக்கும் இதுவே கிரமம். டயரில் சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு அளவில் இருக்கும் காற்றை 20 பவுண்டுக்குக் குறைத்தால், டயர் நிலத்தில் பதியும் பரப்பு நீண்டு பிடிப்பு மிகும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறவாது காற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும். அது போதாவிடில் மண்வெட்டி. அதுவும் போதாவிடில் விஞ்சு என்னும் இழுவை உருளை. விஞ்சுக் கயிற்றைக் கப்பியின் வழியே மடித்து, மீண்டும் வண்டியிலேயே பிணைத்தால், இழுவிசை ஏறக்குறைய இருமடங்காகும், வேகம் பாதியாகும். மெதுவாக நிகழ்வது இங்கே குறையன்று, அதுவே காப்பு.

கடைசியாகவே, நீண்டு சுருங்கும் நைலான் கயிற்றைப் பூட்டி, மற்றொரு வண்டியை ஓடவிட்டு இழுத்தல் வேண்டும். வாலிபர்கள் முதலில் நாடுவது இதனையே. அதன் வலிமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். 2,000 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதிலுள்ள சக்தி, 50 கிலோ அரிசி மூட்டையை 35 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் தரையைத் தாக்கும் சக்திக்கு ஏறக்குறைய ஒப்பாகும். அச்சக்தியிற் பெரும்பகுதி கயிற்றினுள் ஒடுங்கி நிற்கிறது. கயிறோ, அது பூட்டப்பட்ட இரும்போ அறுந்தால் அவ்வளவும் ஒருநொடியில் வெளிப்படும்.

வண்டியின் பின்புறத்தில் டிரெய்லரைப் பூட்டுவதற்கென அமைந்த இரும்புக் குண்டு சிலவற்றில் உண்டு. அது பாரவண்டியைச் சீராக இழுக்கத்தக்கதேயன்றி, இத்தகைய அதிர்ச்சியைத் தாங்கத்தக்கதன்று. அக்குண்டு முறிந்து, பீரங்கிக் குண்டெனப் பறந்து, மற்றொரு வண்டியில் இருந்தவரைக் கொன்ற துயரங்கள் அயல்நாடுகளில் நிகழ்ந்துள்ளன. மீட்கப்பட வந்தவரும் மீட்க வந்தவரும் அவ்வாறு மாண்டிருக்கின்றனர். ஆதலின், வண்டியின் சட்டத்தோடு உறுதியாகப் பிணைந்த, இதற்கென்றே ஏற்பட்ட கொக்கியில் மட்டுமே கயிற்றைப் பூட்டுக. கயிற்றின் நடுவே கனத்த ஜமக்காளத்தைப் போர்த்துக. ஆயினும் அதை நம்பி அருகில் நிற்கலாகாது. கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் யாவரும் விலகி நிற்க வேண்டும். கயிற்றைத் தாண்டுவோரும், அருகில் நின்று படம் பிடிப்போரும் இருக்கும்வரை வண்டியை அசைக்கலாகாது.

தேர்த்திருவிழாவை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவன் சமிக்ஞையை மீறினால் தேர் நிலைக்கு வந்து சேராது. மீட்பு வேலையிலும் அவ்வாறே ஒருவர் மட்டும் கட்டளையிட வேண்டும். ஏனையோர் அடங்க வேண்டும். ஆனால், "நிறுத்து" என்னும் சொல்லை மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். எவர் சொன்னாலும் உடனே நிறுத்த வேண்டும். பாறைத்தடத்தில் நெடுநாள் பழகியோர் கைக்கொள்ளும் ஒழுங்கு இதுவே.

வண்டி கவிழ்ந்துவிடின் முதலில் மனிதர், பிறகு பாட்டரி இணைப்பைத் துண்டித்தல், பிறகு கசியும் எண்ணெயைத் தடுத்தல், இறுதியிலேதான் வண்டி. நிமிர்த்திய வண்டியை உடனே இயக்கலாகாது. கவிழ்ந்த நிலையில் எண்ணெய் சிலிண்டருக்குள் புகுந்திருக்கக்கூடும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அவ்வெண்ணெயை வெளியேற்றாமல் இயக்கினால் எஞ்சின் உடைந்துபோகும். நீரில் மூழ்கிய எஞ்சினுக்கும் இதுவே விதி.

மற்றொரு கடமையும் உண்டு. ரூபிகான் தடத்தில் மண்ணரிப்பும், வண்டிகளிலிருந்து சிந்திய எண்ணெயும், மனிதர் விட்டுச்சென்ற அசுத்தமும் நீர்நிலைகளைக் கெடுப்பதைக் கண்டு, 2009-ஆம் ஆண்டில் அப்பகுதியின் நீர்த்தூய்மை வாரியம் சீர்செய்யுமாறு ஆணை பிறப்பித்தது. தொண்டர்கள் பலர் தம் கைப்பொருளும் உடலுழைப்பும் ஈந்து பாதையைச் செப்பனிட்டனர். எண்ணெயை உறிஞ்சும் துணியை வண்டியில் வைத்திருப்பது அங்கே கடமையாகக் கருதப்படுகிறது. ஒருவர் சிந்திய எண்ணெய் மலையடிவாரத்தார் பருகும் நீரிற் கலப்பது எந்நாட்டுக்கும் பொதுவன்றோ? பழுதுற்ற வண்டியைக் காட்டில் கைவிட்டு வருபவர், தம் நஷ்டத்தைப் பிறர் தலையில் சுமத்துபவரேயாவர்.

இறுதியாக ஒன்று கூறுவோம். நாம் சங்கமாகக் கூடியிருப்பது ஒருவருக்கொருவர் உதவும் பொருட்டே. ஆனால் மலைத்தடத்தில் கயிற்றை நீட்டுபவன், சிக்கியவன் எக்குலத்தான் என்று கேட்பதில்லை. கேட்கத் தொடங்கினால் நாளை தனக்கும் கயிறு கிடையாது என்பதை அவன் அறிவான். நம் சங்கத்து ஐக்கியம் நம்முள் மட்டும் அடங்கிக் கிடப்பதாயின் அதனாற் பெரும்பயன் இல்லை. இங்கே பழகிய பரஸ்பர உதவியை வழியில் காணும் எவருக்கும் அளிக்க வல்லவராக நம் பிள்ளைகளை ஆக்குவதே சங்கத்துக்குப் பெருமை.

ஆகவே பெற்றோர்களே! பிள்ளைக்கு வண்டி வாங்கிக் கொடுக்கும்போது, தரமான கயிறும், மண்வெட்டியும், காற்றளவு காட்டும் கருவியும், முதலுதவிப் பெட்டியும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள். அவற்றைக் கையாளக் கற்றபின்னரே மலையேற விடைகொடுங்கள். வாலிபர்களே! அவசரத்தை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லுங்கள். வண்டி ஒருநாள் தாமதித்து வந்தாலும் பாதகமில்லை. சென்றவர் யாவரும் திரும்பி வரவேண்டும். இதுவே எமது பிரார்த்தனை.