தாய்ப்பாலும் தாயின் மனநிலையும்

(தாய் சேய் நலத்துறை அலுவலர்களுக்கும் மாணவர்களுக்கும் நிகழ்த்தப்பட்ட உரை)

மகப்பேறு பற்றிய அரசுப் புள்ளிவிவரங்களில் இரண்டை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். 2015-16ஆம் ஆண்டின் நான்காவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 78.9 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. 2019-21ஆம் ஆண்டுகளின் ஐந்தாவது ஆய்வில் இது 88.6 சதவீதமாக உயர்ந்தது. பாராட்டத்தக்க முன்னேற்றமே. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகளின் விகிதம் இதே இடைவெளியில் 41.6 சதவீதத்திலிருந்து 41.8 சதவீதத்திற்குத்தான் வந்தது. தாய் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்துவிட்டாள். பால் புகட்டக் கற்றுத்தரும் கை இன்னும் அவளருகே வந்து சேரவில்லை. அறுவைப் பிரசவம் 17.2 சதவீதத்திலிருந்து 21.5 சதவீதமாகப் பெருகியதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

இக்குறைபாடு நிர்வாகத்தினுடையது. எனினும் இதற்கான பழியைத் தன்மேல் ஏற்றுக்கொள்பவள் தாயே என்பதுதான் கவனிக்கத்தக்கது.

பிரசவத்தை அடுத்த முதல் இரண்டு மூன்று நாட்கள் சுரப்பது சீம்பால். அளவில் சிறிது, பிறந்த குழந்தையின் இரைப்பையும் சிறிது. இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே பால் பெருகி வரும். அறுவைக்கு உட்பட்ட தாய்க்கு இது மேலும் தாமதப்படலாம். குழந்தையின் எடை முதல் சில நாட்களில் ஓரளவு குறைந்து பின்னர் ஏறுவதும் இயல்பே. இவற்றை முன்கூட்டியே ஒருவர் எடுத்துச் சொல்லியிருந்தால் தாய் அஞ்சமாட்டாள். பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. மூன்றாம் நாள் மார்பு கல்லாக இறுகி வலிக்கிறது. காம்பு வெடித்துப் புண்ணாகிறது. தையல் காயம் உறுத்துகிறது. இரவு முழுவதும் உறக்கமில்லை. பேறுகாலத்துக்குப் பின் காரணமின்றிக் கண்ணீர் பெருகும் தளர்ச்சி மிகுவதும் ஏறக்குறைய இதே நாட்களில்தான். அந்நேரத்தில் குழந்தை வீறிட்டழ, சுற்றியிருப்போர் கேட்கும் முதற் கேள்வி, "பால் இருக்கிறதா, இல்லையா?" என்பது. மாமியார் கேட்கிறார், பார்க்க வந்த அண்டை வீட்டார் கேட்கின்றனர், சில இடங்களில் வேலைப்பளு மிகுந்த செவிலியரும் அதே தொனியில் கேட்கிறார். குழந்தை அழுவதற்குப் பசியன்றி வேறு காரணங்களும் உண்டென்பது அவ்வேளையில் எவருக்கும் நினைவில்லை.

இதன் உடலியல் விளைவு எளிதானது; ஆயினும் கொடியது. பால் உற்பத்தியாவது ஒரு சுரப்பியின் பணி. உற்பத்தியான பாலை வெளியே இறக்கித் தருவது ஆக்ஸிடோசின் என்னும் மற்றொரு சுரப்பு நீரின் பணி. அச்சமும் வலியும் அவமானமும் இவ்விரண்டாவதைத் தடை செய்கின்றன. ஆகவே, பால் இல்லை என்று அஞ்சும் தாய்க்கு, இருக்கும் பாலும் இறங்குவதில்லை. உடனே வெல்ல நீரோ பால் மாவோ புகட்டப்படுகிறது. வயிறு நிறைந்த குழந்தை மார்பைச் சப்புவதில்லை; சப்பாத மார்பில் சுரப்பு குறைகிறது. நான்கைந்து நாட்களில், தன்னிடம் பால் இல்லை என்ற அவளது அச்சம் உண்மையாகிவிடுகிறது. அவளும் அதைத் தன் உடலின் குறையென்றே வாழ்நாள் முழுதும் நம்புகிறாள். குழந்தையைச் சரியாக மார்பில் பொருத்தக் காட்டும் அரைமணி நேர உதவி, இச்சுழலைப் பல தாய்மாரிடம் தொடக்கத்திலேயே அறுத்திருக்கும்.

உண்மையிலேயே போதிய பால் சுரக்காத தாய்மாரும் உண்டு. பிரசவத்தில் மிகுதியாக இரத்தம் இழந்தவர், தைராய்டு கோளாறுடையவர், மார்புத் திசு போதிய வளர்ச்சி பெறாதவர் ஆகியோர் இவர்கள். எண்ணிக்கையில் சிலரே. இவர்களுக்கு மருத்துவர் யோசனைப்படி மாற்றுப் பால் தருவது குழந்தையின் உயிர் காக்கும் செயலாகும்.

1992ஆம் ஆண்டின் குழந்தைப் பால் மாற்றுப் பொருட்கள் சட்டம் 2003இல் மேலும் கடுமையாக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் 1981ஆம் ஆண்டு நெறிமுறையை ஒட்டி எழுந்த நற்சட்டம் அது. விளம்பரத்தை அது அடியோடு நிறுத்தியது. ஒவ்வொரு டப்பாவின் மீதும் தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது என்ற அறிவிப்பு இருக்க வேண்டும் என்பது அதன் விதி. வணிகரை நோக்கி எழுதப்பட்ட விதிதான். ஆனால் வேறு வழியின்றி அந்த டப்பாவை நள்ளிரவில் திறக்கும் தாயும் அவ்வறிவிப்பைத்தான் படிக்கிறாள். சட்டத்தைத் தளர்த்த வேண்டியதில்லை. டப்பா பேசுவதற்கு முன் ஒரு மனிதர் அவளிடம் பேசியிருக்க வேண்டும்.

மனத்துயரின் அளவைக் காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன. 2002இல் வெளியான கோவா ஆய்வு ஒன்றில், பிரசவமாகி 6 முதல் 8 வாரங்களான தாய்மாரில் 23 சதவீதத்தினரிடம் மனச்சோர்வு காணப்பட்டது. வறுமை, கணவனின் வன்முறை, ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது ஆகியவை அதனோடு சேர்ந்து வந்தன. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான மதிப்பீடு 22 சதவீதம் என்று கூறியது. பால் புகட்ட இயலாமை மனச்சோர்வைத் தூண்டுவதுண்டு. மனச்சோர்வும் பால் புகட்டுவதை நிறுத்தச் செய்வதுண்டு. எது முந்தியது என்று ஆராய்வோருக்குத் தொல்லைதான். தாய்க்கோ இரண்டும் ஒன்றே.

பொருளியல் மாணவர்கள் எண்ணிப் பார்க்க ஒன்றுண்டு. தாய்ப்பால் செலவில்லாத உணவு என்று பிரசாரத் தாள்கள் கூறிவருகின்றன. நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை, முறைக்கு அரைமணி என்று கொண்டால், 4 முதல் 6 மணி நேர உழைப்பு அது. விற்கப்படும் பால் மாவு நாட்டு வருமானக் கணக்கில் ஏறுகிறது, இவ்வுழைப்பு ஏறுவதில்லை. கணக்கில் ஏறாத உழைப்புக்கு ஓய்வு தர வேண்டுமென்று குடும்பத்திலும் யாருக்கும் தோன்றுவதில்லை. 2017இல் பேறுகால விடுப்பு 26 வாரங்களாக நீட்டிக்கப்பட்டது; அதன் பயன் பெரிதும் அமைப்புசார்ந்த தொழில்களில் உள்ளவர்க்கே கிட்டுகிறது. நாற்று நடுபவளுக்கும் கட்டட வேலையில் செங்கல் சுமப்பவளுக்கும் கூலியிழப்பே விடுப்பு. 2017இல் வந்த பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதற் குழந்தைக்குக் கிடைக்கும் 5,000 ரூபாய், அவ்விழப்பில் சில வாரங்களை ஈடு செய்யக்கூடும்.

வழிகாட்டும் முயற்சிகள் இல்லாமலில்லை. மும்பை சயான் மருத்துவமனையில் 1989இல் தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டது. ஆசியாவில் அதுவே முதலாவது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தில் தாயும் குழந்தையும் சேர்ந்தே தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவு 2009இல் ஏற்பட்டது. மனநலச் சிகிச்சைக்காகச் சேர்க்கப்பட்ட தாயை மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. ஆனால் இவையெல்லாம் நோய் முற்றியவர்க்கும் பெருநகரத்தவர்க்கும் உரியவை.

கிராமத்துத் தாயின் வாசலுக்குச் செல்பவர் ஆஷா பணியாளர் ஒருவரே. மருத்துவமனையில் பிரசவித்தவளை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் அவர் சென்று பார்க்க வேண்டும். 2011இல் இத்திட்டம் தொடங்கியபோது, ஆறு முறை சென்று வருவதற்கும் சேர்த்து அவருக்கு 250 ரூபாய் நிர்ணயிக்கப்பட்டது. அவர் கையிலுள்ள படிவத்தில், காம்பு வெடிப்பு உள்ளதா, மார்பு வலிக்கிறதா, பால் குறைவு என்று தாய் கருதுகிறாளா என்ற கேள்விகள் இருக்கின்றன. தாய் 'கருதுகிறாளா' என்று கேட்கத் தெரிந்த அலுவலர் எவரோ பாராட்டுக்குரியவர். அக்கட்டத்தில் 'ஆம்' என்று குறித்தபின் பணியாளர் எழுந்துவிடாமல், தாயருகே அமர்ந்து, குழந்தையை மார்பில் பொருத்திக் காட்டி, நேற்று இரவு அவள் எத்தனை மணி நேரம் உறங்கினாள், அழுதாளா என்று கேட்க, எவ்வளவு நேரம் தரப்பட்டிருக்கிறது, அந்நேரத்துக்கு என்ன ஊதியம் என்பதை மாவட்டந்தோறும் அலுவலர்கள் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.