டர்போ வண்டி ஏன் கிளம்பவில்லை?



மீனாட்சிபுரம் எல்லை ஊர். ஒரு பக்கம் பொள்ளாச்சி. மறு பக்கம் சித்தூர். தேங்காய், தக்காளி, பால் என்று நாள் முழுவதும் இந்த வழியில் வண்டி ஓடுகிறது. இங்கிருந்து உடுமலை, சின்னார், மறையூர் வழியாக மூணாறுக்கும் வண்டி ஏறுகிறது. குமுளி, போடிமெட்டுப் பக்கம் ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போவதே ஜீப்தான். வண்டி நின்றால் அன்றைய கூலி நின்றது.

மகிந்திரா ஜீப் நம் நாட்டுக்கு வந்தது 1940-களின் கடைசியில். முதலில் பெட்ரோல் ஜீப். பிறகு டீசல் வந்தது. பழைய ஜீப்பின் உடம்பு இரும்பு. எளிதில் சாகாது. எஞ்சின் மட்டும் தளர்ந்துவிடும். அப்போது என்ன செய்கிறார்கள்? பழைய எஞ்சினை இறக்கிவிட்டு டர்போ டீசல் எஞ்சினை ஏற்றுகிறார்கள். சிலர் இருக்கிற எஞ்சினிலேயே டர்போவைப் பொருத்துகிறார்கள். மலை ஏறும்போது இழுவை கூடுகிறது. நல்லதுதான். ஆனால் ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பாது. உடனே எல்லோரும் என்ன சொல்வார்கள்? "டர்போ போயிருச்சு!"

அது உண்மையா?

டர்போ என்பது என்ன? ஒரு தண்டு. அதன் இரண்டு முனையிலும் சிறு விசிறி. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு விசிறியைச் சுற்றுகிறது. அது சுற்றினால் மறு விசிறியும் சுற்றும். அந்த விசிறி வெளிக் காற்றை இழுத்து எஞ்சினுக்குள் அழுத்துகிறது. காற்று கூடினால் கூடுதல் டீசலை எரிக்கலாம். அதனால் பலம் கூடும். ஆல்பிரட் பூச்சி என்ற சுவிஸ் நாட்டுப் பொறியாளர் 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கினார். வீணாகப் போகிற புகையிலிருந்து வேலை வாங்கும் யோசனை அது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். டர்போவைச் சுற்றுவது புகை. எஞ்சின் ஓடினால்தான் புகை. எஞ்சின் ஓடும்போது டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் போகும். ஆனால் சாவி போடும் நேரத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு இருநூறு சுற்றுதான் சுற்றும். அந்த நேரத்தில் டர்போவுக்கு வேலையே இல்லை. டர்போ கெட்டால் வண்டி இழுக்காது, கரும்புகை கக்கும், ஊளையிடும், ஆயில் குடிக்கும். ஆனால் பெரும்பாலும் கிளம்பிவிடும். நேற்று நன்றாக ஓடிய வண்டி இன்று கிளம்பாவிட்டால், டர்போவைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும். புது டர்போ பல ஆயிரம் ரூபாய் விஷயம். அவசரப்பட்டு மாற்றினால் பணமும் போகும், வண்டியும் கிளம்பாது.

டீசல் எஞ்சின் கிளம்ப என்ன வேண்டும்? வேகமாகச் சுற்ற வேண்டும். காற்று வேண்டும். டீசல் வேண்டும். சூடு வேண்டும். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. உள்ளே போன காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நசுக்குகிறது. நசுங்கிய காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகும். அதில் டீசல் பட்டதும் பற்றிக்கொள்ளும். மெதுவாகச் சுற்றினால் இந்தச் சூடு வராது. அதனால்தான் மலையில் ஓட்டுகிறவர்கள் ராத்திரி ஜீப்பை இறக்கத்தில் நிறுத்துகிறார்கள். பேட்டரி கைவிட்டாலும் உருட்டிக் கிளப்பலாம். அனுபவ அறிவு!

இப்போது ஒரு ஜீப்பைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எஞ்சின் மாற்றிய டர்போ ஜீப். காலை ஐந்து மணி. தோட்டத்து வீடுகளில் கறந்த பால் கேன்களில் காத்திருக்கிறது. சங்கத்துக்கு நேரத்தோடு போக வேண்டும். வெயில் ஏறினால் பால் கெடும். ஓட்டுநர் இளைஞர். சாவி திருப்புகிறார். செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது. எஞ்சின் பிடிக்கவில்லை. நாலு தரம், ஐந்து தரம் முயல்கிறார். பக்கத்து மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார். அவர் வயதானவர்.

"டர்போ போயிருச்சுங்கண்ணா."

"யாரு சொன்னா தம்பி? நேத்து எங்கே நிறுத்துனே? எப்படி நின்னுச்சு?"

"நேத்து மலையிலிருந்து வந்தேனுங்க. வந்த வேகத்துல ஆஃப் பண்ணிட்டு வீட்டுக்குள்ள போயிட்டேன்."

"சரி. செல்ஃப் அடி. நான் பின்னாடி நின்னு பாக்கறேன்."

மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. புகைக்குழாயைப் பார்க்கிறார். ஏன் தெரியுமா? செல்ஃப் சுற்றும்போது புகைக்குழாய் நிறையச் சொல்லும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. சூடு போதவில்லை என்று பொருள். ஹீட்டர் பிளக்கைப் பார்க்க வேண்டும். மூணாறில் பனிக்காலத்தில் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிரும் நாள் உண்டு. அங்கே ஹீட்டர் கெட்டால் உடனே தெரியும். மீனாட்சிபுரத்து வெயிலில் அவ்வளவு தெரியாது. கரும்புகை வந்தால் காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரும் டர்போவின் ரப்பர் குழாயும் அடைத்திருக்கலாம். புகையே வராவிட்டால்? டீசல் உள்ளே போகவில்லை!

இந்த ஜீப்பில் புகையே இல்லை.

செல்ஃப் நன்றாகச் சுற்றுவதால் பேட்டரியில் குறை இல்லை. செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினால் முகப்பு விளக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது விளக்கு செத்துப்போனால் பேட்டரியோ அதன் முனையோ சரியில்லை. எஞ்சின் மாற்றிய வண்டியில் இன்னொன்றும் உண்டு. எஞ்சின் ரப்பர் கட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது. மின்சாரம் திரும்பிப் போக எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவே எர்த் பட்டை வேண்டும். எஞ்சினை மாற்றும்போது இதை மறந்துவிடுவார்கள். அல்லது பெயின்ட் மேலேயே முடுக்கிவிடுவார்கள். பத்து நாள் ஓடும். பதினோராம் நாள் நிற்கும்.

அடுத்து மெக்கானிக் டீசலைப் பார்க்கிறார். டேங்கில் இருக்கிறது. ஃபில்டருக்கு வருகிறது. குழாயில் ஏர் இல்லை. பிறகு பம்பின் அருகில் காதை வைத்து, "சாவியை ஆன் மட்டும் பண்ணு" என்கிறார். சத்தமே இல்லை. அவர் முகத்தில் சிரிப்பு வருகிறது.

ஏன்? இப்படிப்பட்ட பம்பில் மின்சார ஸ்டாப்பர் ஒன்று இருக்கிறது. சாவி போட்டதும் மின்சாரம் வந்து 'டக்' என்று டீசல் வழியைத் திறக்கும். சாவியை எடுத்ததும் மூடும். 'டக்' சத்தம் இல்லையென்றால் வழி திறக்கவில்லை. ஃபியூஸைப் பார்த்தார்கள். எரிந்திருந்தது. புது ஃபியூஸ் போட்டார்கள். அதுவும் எரிந்தது. இளைஞர் ஒரு கம்பியை முறுக்கி அந்த இடத்தில் வைக்கப் போனார். மெக்கானிக் கையைத் தட்டிவிட்டார். ஃபியூஸ் எரிந்தது ஒரு எச்சரிக்கை. கம்பி வைத்தால் ஃபியூஸ் எரியாது, வண்டி எரியும்.

ஸ்டாப்பர் வயரைப் பிடித்துக்கொண்டே போனார்கள். டர்போவின் புகைப் பக்கத்துக்கு விரற்கடை தூரத்தில் வயர் தொங்கியது. மேல் உறை உருகிச் செம்பு இரும்பில் ஒட்டியிருந்தது. எஞ்சின் மாற்றியபோது வயரைக் கட்டாமல் விட்டிருக்கிறார்கள். மலை ஏறி இறங்கிய டர்போ அடுப்புபோல் இருக்கும். வண்டி ஓடும்போது காற்று படுகிறது. உடனே நிறுத்திவிட்டால் அந்தச் சூடெல்லாம் பானெட்டுக்குள் தேங்கும். வயர் உருகியது ராத்திரியில், வண்டி நின்ற பிறகு! அதனால்தான் நேற்று ஓடியது, இன்று கிளம்பவில்லை.

புது வயர், புது ஃபியூஸ். டர்போவைவிட்டுத் தள்ளிக் கட்டி, சூடு தாங்கும் உறையும் போட்டார்கள். வண்டி கிளம்பியது. பால் சற்றுத் தாமதமாகப் போனாலும் கெடவில்லை.

"இனிமே மலையிலிருந்து வந்தா ஒரு நிமிஷம் சும்மா ஓட விட்டு ஆஃப் பண்ணு தம்பி. வயருக்கும் நல்லது, டர்போவுக்கும் நல்லது" என்றார் மெக்கானிக்.

மாற்றம் செய்த வண்டிக்கு எழுதி வைப்பது மிக முக்கியம். கம்பெனி வண்டிக்குப் புத்தகம் உண்டு. மாற்றிய வண்டிக்கு யார் புத்தகம் தருவார்கள்? எந்த எஞ்சின், எந்த பம்பு, எந்த ஃபியூஸ் எதற்கு, கூடுதல் விளக்குக்கும் பாட்டுப் பெட்டிக்கும் வயர் எங்கிருந்து எடுத்தது, திருட்டைத் தடுக்க வைத்த ரகசிய ஸ்விட்ச் எங்கே — இவற்றை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வண்டியிலேயே வைக்கலாம். ரகசிய ஸ்விட்ச் கைபட்டு ஆஃப் ஆனதைத் தெரியாமல் பம்பையே கழற்றுகிற வேடிக்கையும் நடக்கும்.

இனி சில ஆபத்துகள். பழைய எஞ்சினில் டீசல் குழாய் நட்டைத் தளர்த்தி ஏர் எடுப்பார்கள். புதிய சிஆர்டிஇ எஞ்சினில் அதைச் செய்யவே கூடாது. அதன் குழாயில் அழுத்தம் மிக மிக அதிகம். பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையையே இழக்க நேரலாம். அந்த எஞ்சினில் சென்சாரும் கம்ப்யூட்டரும் உண்டு. அதைச் சோதிக்கும் கருவி உள்ள இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

சிலர் பெட்ரோல் நனைத்த துணியை ஏர் ஃபில்டர் வாயில் வைத்துக் கிளப்புவார்கள். ஹீட்டர் சூடாக இருந்தால் வெடிக்கும். டர்போ வண்டியில் துணியை உள்ளே இழுத்து விசிறியையும் உடைத்துக்கொள்ளும். அப்போது டர்போ உண்மையாகவே போய்விடும்!

சட்டத்தையும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியை மாற்றுவது பற்றியது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்றது. எஞ்சின் மாற்ற நினைத்தால், மாற்றும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு அனுமதி பெற வேண்டும். புது எஞ்சின் எண் ஆர்.சி. புத்தகத்தில் ஏற வேண்டும். எண் ஏறாத வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் பணத்துக்குச் சிக்கல் வரும். ஆர்.சி.யில் உள்ள எண்ணும் எஞ்சினில் வெட்டியிருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவரே பார்த்துவிடலாம். பழைய ஜீப்பை விலை பேசும்போது பானெட்டைத் திறந்து முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.