இளைஞர் வாக்கு எவரின் உடைமை?



இளைஞர் என்றும் தம் கொடியின் கீழேயே நிற்பர் என்று எண்ணிய அரசியல்வாதிகள் பலர். ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் அண்மையில் நடந்த தேர்தல்கள் அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கிவிட்டன.

வியட்நாம் போர்க் காலத்தில், 18 வயது நிரம்பிய அமெரிக்க இளைஞன் கட்டாயப் படைச் சேவைக்குப் பெயர் பதிய வேண்டும். ஆனால் போரைத் தீர்மானிப்போரைத் தெரிவு செய்யப் பெரும்பாலான மாநிலங்களில் 21 வயது வரை அவன் காத்திருக்க வேண்டும். இந்த அநீதியை 1971 இல் நிறைவேறிய 26 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நீக்கியது. மேற்கு ஜேர்மனி 1970 இலேயே 18 வயதினருக்கு வாக்குரிமை அளித்திருந்தது.

அவ்வுரிமையை இன்றைய இளைஞர் எவ்வாறு பயன்படுத்துகின்றனர்? 2021 இல் 25 வயதுக்குட்பட்ட ஜேர்மானியர் பசுமைக் கட்சியையும் சுதந்திர ஜனநாயகக் கட்சியையுமே முன்னிறுத்தினர். 2025 பெப்ரவரியில் அவர்களுள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் வாடகை உயர்வை எதிர்த்து முழங்கிய இடதுசாரிக் கட்சிக்கும், ஐவரில் ஒருவர் குடியேற்றத்தை எதிர்க்கும் வலதுசாரி மாற்றுக் கட்சிக்கும் வாக்களித்தனர். சுதந்திர ஜனநாயகக் கட்சியோ பாராளுமன்றத்தில் ஓர் ஆசனமும் இன்றி வெளியேறியது. நான்கே ஆண்டுகளில் எத்தகைய மாற்றம்!

அமெரிக்காவிலும் காற்றுத் திசை மாறியது. 2020 இல் இளைஞரிடையே ஜனநாயகக் கட்சி பெற்றிருந்த பெரும் முன்னிலை 2024 இல் வெகுவாகச் சுருங்கியது. விலைவாசி அதற்கொரு முக்கிய காரணம்.

எனினும் இரு நாட்டு முறைகளும் வேறு. ஜேர்மனியில் நூற்றுக்கு 5 வீத வாக்குப் பெறும் கட்சி, தன் வாக்குக்கேற்ற ஆசனங்களைப் பெறும். ஆகவே இளைஞரின் சினம் பல குரல்களாகப் பாராளுமன்றம் புகுகிறது. அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலிலோ 48 மாநிலங்களில் முதலிடம் பெற்றவருக்கே அம்மாநிலத்தின் தேர்வாளர் அனைவரும் உரியர். அங்கே இரு பெருங் கட்சிகளிலும் நம்பிக்கை இழந்தவன் வீட்டிலிருந்துவிடுகிறான். முன்னதில் பிளவு என்னும் ஆபத்து உண்டு. பின்னதில் மௌனம் என்னும் ஆபத்து உண்டு. மௌனமே கொடியது என்பது என் கருத்து. பிளவைக் கண்ணாற் காணலாம். மௌனம் வெடிக்கும் வரை தெரியாது.

இளைஞர் வழி தவறினர் என்று முதியோர் புலம்புவதாற் பயனில்லை. வாய்க்கால் வெட்டாத உழவன், வரப்பை உடைத்ததென்று வெள்ளத்தை ஏசலாமா? இளைஞரின் வாக்கு எவரின் உடைமையும் அன்று. அவர் குறை கேட்டு, அதைத் தீர்க்க முற்படுவோர்க்கே, அதுவும் அடுத்த தேர்தல் வரைக்குமே, அது கிட்டும்.