இடுப்பு முறிந்த முதியவரின் இரத்தத்தைக் காப்போம்



செபராங் ஜெயா அரசு மருத்துவமனைக்குப் பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் எனப் பல பக்கங்களிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். குளியலறை ஈரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த முதியோர் எந்த மருத்துவமனைக்கும் புதியவர்கள் அல்லர். அப்போது பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "இந்த வயதில் அறுவைச் சிகிச்சையா? அம்மா உடம்பில் இரத்தமே இல்லையே, தாங்குவாரா?" என்பதுதான். இந்த அச்சம் நியாயமானதே. ஆனால், அச்சத்தால் நாளைத் தள்ளிப் போடுவதுதான் பெரிய ஆபத்து.

இரத்த இழப்பு கத்தி வைத்த பிறகு தொடங்குவதில்லை. விழுந்த நிமிடமே தொடங்கி விடுகிறது. இடுப்பு முறிவு என்று நாம் சொல்வது, தொடை எலும்பின் மேல் முனை முறிவதைத்தான். மூட்டு உறைக்குள்ளே முறிந்தால் கசிவு குறைவு. உறைக்கு வெளியே முறிந்தால், தொடைத் தசைக்குள் இரத்தம் கசிந்து தேங்கும். சிலருக்கு ஒரு லிட்டருக்கு மேலும் போகலாம். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. முதல் நாள் பரிசோதனையில் சரியாக இருந்த ஹீமோகுளோபின், மறுநாள் இறங்கி விடுவதும் இதனால்தான். எனவே, விழுந்தவரை எழுப்பி நடக்க விடுவதும், எண்ணெய் தடவி நீவி விடுவதும் வேண்டாம். அசைக்காமல் படுக்க வைத்து 999க்கு அழையுங்கள்.

இரத்தத்தைக் காக்க மருத்துவர்கள் செய்யக் கூடியவை பல. முதலாவது, விரைவு. 36 முதல் 48 மணி நேரத்திற்குள் அறுவைச் சிகிச்சை நடக்க வேண்டும் என்று பல நாடுகளின் வழிகாட்டிகள் சொல்கின்றன.

இரண்டாவது, டிரானெக்ஸாமிக் அமிலம். உடல் உண்டாக்கிய இரத்தக் கட்டி சீக்கிரம் கரைந்து விடாமல் இது பாதுகாக்கும். ஜப்பானிய மருத்துவர் உதாகோ ஒகமோதோவும் அவர் கணவரும் 1962இல் இதனை உலகுக்கு அறிவித்தார்கள். பிரசவத்தில் தாய்மார் இரத்தப் போக்கால் இறப்பதைத் தடுப்பதே அந்த அம்மையாரின் நோக்கம். 2010இல், 40 நாடுகளில் விபத்தில் காயமுற்ற 20,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு, இம்மருந்து உயிர் காக்கும் என்று காட்டியது. இடுப்பு முறிவு அறுவையிலும் இதனைக் கொடுத்தால், இரத்தம் ஏற்ற வேண்டிய தேவை குறைகிறது என்று ஆய்வுகள் கண்டுள்ளன. விலையும் அதிகமில்லை. ஆனால், அண்மையில் பக்கவாதமோ நரம்பில் இரத்தக் கட்டியோ வந்தவர்களுக்கு மருத்துவர் யோசித்தே கொடுப்பார்.

மூன்றாவது, உடல் சூடு. உடல் குளிர்ந்தால் இரத்தம் சரியாக உறையாது. அதனால்தான் அறுவைக் கூடத்தில் நோயாளியைப் போர்த்திச் சூடாக வைத்திருக்கிறார்கள்.

நான்காவது, இரத்தம் ஏற்றுவதிலும் அளவு. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், இடுப்பு முறிவு அறுவை செய்துகொண்ட 2,016 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு ஹீமோகுளோபின் 10க்குக் கீழே இறங்கியதும் இரத்தம் ஏற்றினார்கள். மறு பிரிவினருக்கு 8க்குக் கீழே இறங்கினாலோ, இரத்தக் குறைவின் அறிகுறி தெரிந்தாலோ மட்டும் ஏற்றினார்கள். 60 நாள் கழித்துப் பார்த்தபோது, இறப்பிலும் நடக்கும் திறனிலும் வேறுபாடு இல்லை. ஆகவே, "ஏன் இன்னும் இரத்தம் ஏற்றவில்லை?" என்று மருத்துவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

குடும்பத்தின் பங்கும் உண்டு. அம்மாவோ அப்பாவோ சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். வார்ஃபரின், குளோபிடோகிரெல், ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை மறைக்காதீர்கள். நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம். மீன் எண்ணெய், நாட்டு மருந்து எது சாப்பிட்டாலும் சொல்லுங்கள். "அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வரட்டும், பிறகு கையெழுத்துப் போடலாம்" என்று காத்திருக்காதீர்கள். தொலைபேசியிலேயே பேசி முடிவெடுங்கள்.

கடைசியாக ஒன்று. நமக்குத் தேவை வரும்போது இரத்தம் தேடி அலைகிறோம். உடல் நலமுள்ள இளைஞர்கள் வழக்கமாக இரத்த தானம் செய்தால், யாரோ ஒரு பாட்டி மீண்டும் எழுந்து நடப்பார்.