ஊதியத்தில் ஒரு பங்கு

(கேலாங் வட்டாரக் குடியிருப்பாளரிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



உழைத்தவனுக்குக் கூலி கொடுப்பது வேலை வாங்கியவரின் கடமை. இது உலகம் ஒப்புக்கொண்ட நியதி. ஆயினும் வேலை வாங்குபவரே கலங்கி நிற்கும் காலமும் வருகிறது. வாங்குவோர் இல்லை, சரக்குத் தேங்குகிறது, கடையில் கூட்டம் இல்லை. அத்தகைய நாளில் அரசாங்கம் முன்வந்து தொழிலாளியின் ஊதியத்தில் ஒரு பங்கைத் தான் ஏற்றுக்கொள்ளலாமா? ஏற்றுக்கொண்டால் பொருளியல் தலைநிமிருமா? அதற்குரிய பணம் யாருடையது? இம்மூன்று கேள்விகளையும் இன்று நாம் ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்வோம்.

சிங்கப்பூர் இந்த முறையை இருமுறை பெரிய அளவில் கையாண்டிருக்கிறது. முதலாவது 2009ஆம் ஆண்டில். இரண்டாவது 2020ஆம் ஆண்டில். ஆகவே நாம் ஏட்டுச் சுரைக்காயைப் பற்றிப் பேசவில்லை. நம்முள் பலருடைய சம்பளத்தில் அரசாங்கத்தின் பங்கு கலந்திருந்த அனுபவத்தைப் பற்றியே பேசுகிறோம்.

முன்பு செய்தது என்ன?

விடுதலைக்குப் பின் நம் நாடு கண்ட முதல் பொருளியல் சுருக்கம் 1985ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அன்று கையாளப்பட்ட மருந்து வேறு. 1986 ஏப்ரலில், முதலாளிகள் மத்திய சேமநிதிக்குச் செலுத்த வேண்டிய பங்கு 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டிற்குக் குறைக்கப்பட்டது. ஆசிய நிதி நெருக்கடியின் போதும், 1999 ஜனவரியில், அப்பங்கு 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டிற்குக் குறைந்தது. நிறுவனங்களின் செலவு இறங்கிற்று. பலருடைய வேலையும் தங்கிற்று. ஆனால் அச்சுமையைச் சுமந்தவர் யார்? தொழிலாளியே சுமந்தார். முதுமைக்கும் வீட்டிற்குமாகச் சேர வேண்டிய பணம் அவருடைய கணக்கில் சேராமற் போயிற்று.

2008ஆம் ஆண்டின் இறுதியில் உலக நிதி நெருக்கடி நம் கரையைத் தொட்டபோது அரசாங்கம் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. நிதியமைச்சராக இருந்த திரு. தர்மன் சண்முகரத்தினம் 2009 ஜனவரி 22ஆம் நாள் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில், 20.5 பில்லியன் வெள்ளி மதிப்புள்ள மீட்சித் தொகுப்பை அறிவித்தார். அதில் 4.5 பில்லியன் வெள்ளி, 'ஜாப்ஸ் கிரெடிட்' என்று பெயர்பெற்ற ஊதிய உதவித் திட்டத்திற்கு ஒதுக்கப்பட்டது. சேமநிதி செலுத்தப்படும் ஒவ்வோர் ஊழியருக்கும், அவருடைய மாதச் சம்பளத்தின் முதல் 2,500 வெள்ளியில் 12 விழுக்காட்டை அரசாங்கம் முதலாளிக்கு ரொக்கமாக வழங்கிற்று. காலாண்டிற்கு ஒருமுறை பணம் கிடைத்தது. 2010ஆம் ஆண்டில் அது முதலில் 6 விழுக்காடாகவும், பிறகு 3 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டு, ஜூன் மாதத்தோடு நிறைவுற்றது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சிம்ஸ் அவென்யூவில் ஓர் உணவுக் கடை இருப்பதாகக் கொள்வோம். அதில் நான்கு ஊழியர்கள். ஒவ்வொருவருக்கும் மாதச் சம்பளம் 2,000 வெள்ளி. 2009ஆம் ஆண்டின் கணக்குப்படி ஒருவருக்கு 240 வெள்ளி. நால்வருக்கும் சேர்த்து மாதம் 960 வெள்ளி. காலாண்டிற்கு 2,880 வெள்ளி. ஊழியருள் ஒருவரை நிறுத்திவிடலாமா என்று எண்ணும் கடைக்காரரை, 'சற்றுப் பொறுங்கள்' என்று சொல்ல வைக்கும் தொகை இது.

2020ஆம் ஆண்டில் கொவிட்-19 வந்தபோது இத்தொகை போதாதென்று தெளிவாயிற்று. அன்று வியாபாரம் குறைந்தது என்று சொல்வதைவிட, நின்றது என்று சொல்வதே பொருந்தும். ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நோய்ப் பரவல் முறியடிப்புக் காலம். கேலாங் சாலையின் கடைகளில் உட்கார்ந்து உண்ண இயலவில்லை. நோன்பு மாதத்தில் இரவைப் பகலாக்கும் கேலாங் சிராய் சந்தைத் திருவிழா அவ்வாண்டு கைவிடப்பட்டது.

அந்த ஆண்டில் திரு. ஹெங் சுவீ கியட் நான்கு வரவு செலவுத் திட்டங்களை அறிவித்தார். பிப்ரவரி 18ஆம் நாள் அறிவித்த வேலை ஆதரவுத் திட்டம், சம்பளத்தின் முதல் 3,600 வெள்ளியில் 8 விழுக்காடு என்ற அளவில் தொடங்கிற்று. ஆறு வாரங்களுக்குள், மார்ச் 26ஆம் நாள், உச்சவரம்பு 4,600 வெள்ளியாக உயர்ந்தது. பொதுவான தொழில்களுக்கு 25 விழுக்காடு, உணவுத் தொழிலுக்கு 50 விழுக்காடு, விமானம், சுற்றுலாத் துறைகளுக்கு 75 விழுக்காடு என்றாயிற்று. ஏப்ரல் 6ஆம் நாள் அறிவிப்பின்படி, ஏப்ரல் மாதச் சம்பளத்திற்கு எல்லாத் தொழில்களுக்குமே 75 விழுக்காடு கிடைத்தது.

நம் உணவுக் கடைக்கே திரும்புவோம். 2,000 வெள்ளிச் சம்பளத்தில் 1,500 வெள்ளி அரசாங்கத்தினுடையது. நால்வருக்கு 6,000 வெள்ளி. சம்பளத்தில் கடைக்காரர் ஏற்க வேண்டியது 2,000 வெள்ளி மட்டுமே. 1.9 மில்லியனுக்கும் மேற்பட்ட உள்ளூர் ஊழியரின் சம்பளங்களுக்கு இவ்வுதவி எட்டுமென அப்போது அறிவிக்கப்பட்டது. இதற்காக எவரும் விண்ணப்பம் எழுதி வரிசையில் நிற்கவில்லை. சேமநிதிப் பதிவேட்டைக் கொண்டே உள்நாட்டு வருவாய் ஆணையம் கணக்கிட்டுப் பணம் அனுப்பிற்று. பல பத்தாண்டுகளாக ஒழுங்காகப் பேணப்பட்ட ஒரு பதிவேடு, இடர் நாளில் எவ்வளவு பெரிய தொண்டு செய்யும் என்பதற்கு இது சான்று.

பொருளியல் எழுந்ததா?

பிற நாடுகளும் இவ்வழியில் சென்றன. செர்மனியில் 'குர்ட்ஸ்ஆர்பைட்' என்னும் குறுவேலை முறை நெடுங்காலமாக உண்டு. வேலை நேரம் குறைந்தால், இழந்த நிகரச் சம்பளத்தில் 60 விழுக்காட்டையும், பிள்ளையுடையவருக்கு 67 விழுக்காட்டையும் அரசு ஈடுசெய்யும். 2020 ஏப்ரலில் ஏறத்தாழ 6 மில்லியன் பேர் அதன் நிழலில் இருந்தனர். பிரிட்டன் 2020 மார்ச் முதல் 2021 செப்டம்பர் வரை, வீட்டில் இருத்தப்பட்ட ஊழியருக்குச் சம்பளத்தில் 80 விழுக்காடு வரை, மாதம் 2,500 பவுண்டுக்கு மிகாமல் வழங்கிற்று, 11.7 மில்லியன் வேலைகள் அதனால் பயன்பெற்றன. அந்நாடுகள் செய்யப்படாத வேலைக்கு ஈடு கொடுத்தன. சிங்கப்பூரோ வேலையில் வைத்திருக்கப்படும் ஒவ்வொருவருக்கும் கொடுத்தது. ஊழியர் உழைக்கலாம், பயிற்சி பெறலாம், புதிய தொழிலும் கற்கலாம்.

இதில் நம் நாட்டிற்கே உரிய ஒரு காரணம் இருக்கிறது. பெரிய நாட்டில் அரசு மக்கள் கையில் பணம் கொடுத்தால், அது பெரும்பாலும் அந்நாட்டுச் சரக்கையே வாங்கும்; ஆலைகள் ஓடும். நாமோ அரிசி முதல் ஆடை வரை வெளியிலிருந்து தருவிப்பவர்கள். இங்கே செலவிடும் வெள்ளியில் கணிசமான பகுதி கடல் கடந்து போய்விடுகிறது. உலகச் சந்தை படுத்திருக்கும்போது, உள்ளூர்ச் செலவால் மட்டும் நாம் அதைத் தூக்கி நிறுத்த இயலாது. நம்மால் இயல்வது, அலை தணியும்வரை படகையும் படகோட்டியையும் பிரியாமல் வைத்திருப்பது. தேர்ந்த ஊழியரை ஒருமுறை அனுப்பிவிட்டால், அவரைப் போன்ற ஒருவரைத் தேடவும் பழக்கவும் ஆண்டுகள் ஆகும். வேலை இழந்தவருக்கோ கைப்பழக்கம் போகிறது, மனவுறுதியும் தளர்கிறது.

2010ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் பொருளியல் 14 விழுக்காட்டிற்கும் மேல் வளர்ந்தது. அவ்வளர்ச்சி முழுவதும் ஊதிய உதவியால் விளைந்தது என்று சொல்வது மிகையாகும். உலக வணிகம் மீண்டதே தலையாய காரணம். ஆனால் வேலைக்கான அழைப்பு திரும்பி வந்தபோது, ஆட்கள் தத்தம் இடத்திலேயே ஆயத்தமாக இருந்தனர். அதுவே இத்திட்டத்தின் பயன்.

இத்திட்டத்தால் ஆட்குறைப்பு அறவே நின்றுவிடவும் இல்லை. 2009இல் 23,000க்கும் மேற்பட்டோரும், 2020இல் ஏறத்தாழ 26,000 பேரும் ஆட்குறைப்புக்கு உள்ளாயினர். உதவி சுமையைக் குறைக்கும். நொடித்துப்போன தொழிலுக்கு உயிர் கொடுக்காது.

விடுபட்டவர்கள்

நன்மையைச் சொல்லும் நாம் குறையையும் மறைத்தலாகாது. இவ்வுதவி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியதாக இருந்தது. சொந்தமாகத் தொழில் செய்வோர் எவருடைய சம்பளப் பட்டியலிலும் இல்லாதவர். ஆகவே தகுதி பெற்றோருக்கு மாதம் 1,000 வெள்ளி வீதம் ஒன்பது மாதங்களுக்கு உரிய தனி நிவாரணம் வகுக்க வேண்டியதாயிற்று. நம் லோரோங்குகளின் கடைவீடுகளில் தங்கி உழைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் ஊதிய உதவி இருக்கவில்லை. அவர்கள் பொருட்டு முதலாளிகளுக்கு 2020 ஏப்ரலில் தீர்வை விலக்கும், ஆளுக்கு 750 வெள்ளித் தள்ளுபடியும் வழங்கப்பட்டன.

வேறொரு குறையும் உண்டு. எவரையும் நீக்க எண்ணாத செழிப்பான நிறுவனத்திற்கும் பணம் சென்றது. சில நிறுவனங்கள் தாமே முன்வந்து அதைத் திருப்பிக் கொடுத்தன, அந்நேர்மை பாராட்டத்தக்கது. பொய்ப் பெயர்களுக்குச் சேமநிதி செலுத்தி உதவி பெற முயல்வோருக்குச் சிறைத் தண்டனை உண்டென ஆணையம் எச்சரித்தது. விரைந்து கொடுக்க வேண்டுமானால் சலித்துப் பார்க்க நேரமிராது. சலித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் கடை மூடிவிடும். இவ்விரண்டில் அரசாங்கம் விரைவைத் தேர்ந்தது.

உதவியின் அளவும் முக்கியம். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, 1877, 1878ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அந்தப் பஞ்ச காலத்தில் 1877ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், நிவாரணக் கூலி ஓர் இராத்தல் தானியமும் ஓரணாவுமாகக் குறைக்கப்பட்டது. அதை உண்டு மண் வெட்டியவனுக்கு உடலில் உயிர் தரிப்பதே அரிதாயிற்று. உயிரைக் காக்காத கூலி ஊரைக் காக்குமா? கொடுப்பது போதுமான அளவினதாகவும் இருத்தல் வேண்டும் என்பது நம் முன்னோர் பட்ட துன்பத்திலிருந்து நாம் கற்கும் பாடம்.

பணம் யாருடையது?

இனி மூன்றாவது கேள்வி. 2009ஆம் ஆண்டில் நம் நாடு முதன்முறையாகத் தன் கடந்தகாலச் சேமிப்பு இருப்பில் கைவைத்தது. ஊதிய உதவிக்கும் நிறுவனங்களின் கடனுதவிக்குமாக 4.9 பில்லியன் வெள்ளி கேட்கப்பட்டது. அன்றைய அதிபர் திரு. எஸ். ஆர். நாதன் ஒப்புதல் அளித்தார். உண்மையில் எடுக்கப்பட்டது 4 பில்லியன். அது 2011இல் திருப்பி வைக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டிலோ நான்கு திட்டங்களுக்குமாக 52 பில்லியன் வெள்ளி வரை எடுப்பதற்கு அதிபர் ஹலிமா யாக்கோப் இசைவு தந்தார். இருப்பு என்று நாம் சொல்வது, நமக்கு முன்பு உழைத்தவர்கள் செலவிடாமல் வைத்துச் சென்ற பணம். பல நாடுகள் இதற்காகக் கடன் வாங்கின. கடனைப் பிள்ளைகள் தீர்ப்பார்கள். நாம் பெற்றோரின் சேமிப்பை எடுத்தோம். எடுத்ததை மீண்டும் நிரப்பும் கடமை நம்முடையது.

ஆகவேதான் இத்தகைய உதவிக்கு முடிவு தேதி இருக்க வேண்டும். 2020 செப்டம்பர் மாதச் சம்பளம் முதல், தொழிலின் நிலைக்கேற்ப 10, 30, 50 விழுக்காடு எனப் பங்கு குறைந்தது. ஊன்றுகோல் கால் தேறும்வரைதான். அதன் பின்பும் ஊன்றினால் கால் தன் வலிமையை மறந்துவிடும். குறைந்த வருமானமுள்ளோருக்கு உதவும் வேலைநலத் திட்டம் 2007 முதல் தனியே நடந்து வருகிறது; அதன் நோக்கம் வேறு.

நாம் செய்ய வேண்டுவது

ஊதிய உதவி முதலாளியின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. தொழிலாளியின் கையில் நேரே தரப்படுவதில்லை. ஆகவே அது உரியவரைச் சேர்ந்ததா என்பதைத் தொழிலாளிதான் முதலில் அறிய முடியும். சம்பளச் சீட்டு வழங்குவது 2016 ஏப்ரல் முதல் சட்டப்படி கட்டாயம். அதனைக் கேட்டு வாங்குங்கள், பத்திரப்படுத்துங்கள். மாதந்தோறும் சேமநிதிக் கணக்கைப் பாருங்கள். சம்பளச் சீட்டில் ஒரு தொகையும் சேமநிதியில் வேறொரு கணக்கும் காணப்பட்டால், தொழிற்சங்கத்திடமோ மனிதவள அமைச்சிடமோ தயங்காமல் சொல்லுங்கள். சேமநிதி செலுத்தாமல் கையில் ரொக்கம் மட்டும் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், நல்ல நாளில் அது இலாபமாகத் தோன்றும். இடர் நாளில் உங்கள் பெயர் அந்தப் பதிவேட்டில் இராது. உதவி உங்களைத் தேடி வராது.

முதலாளிகளாக இருப்போருக்கும் ஒரு வேண்டுகோள். அரசாங்கம் சம்பளத்தில் பங்கு ஏற்பது, உங்கள் ஆட்களை நீங்கள் கைவிடாதிருப்பதற்காகவே. செலவைக் குறைக்க வேண்டிய கட்டாயம் நேர்ந்தால், கணக்கைத் திறந்து காட்டி ஊழியரோடு கலந்து பேசுங்கள். 1972ஆம் ஆண்டு தேசியச் சம்பள மன்றம் தோன்றிய நாள் முதல் அரசாங்கம், முதலாளி, தொழிலாளி ஆகிய மூவரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அவ்வழக்கம் சிறிய கடையின் சமையற்கட்டு வரைக்கும் வர வேண்டும்.

அடுத்த நெருக்கடி எப்போது வரும் என்று எவராலும் கூற இயலாது. அது வரும் நாளில் இருப்பில் பணம் இருக்க வேண்டும். பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். கையில் தொழில் இருக்க வேண்டும். முதலாவதற்கு நாடு பொறுப்பு. மற்ற இரண்டுக்கும் நாமே பொறுப்பு.